பழைய படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட் பேரிங் தேய்ந்துவிட்டது: ஷாஃப்டை உருவாமல் மாற்ற முடியுமா?

பழம்படகு:

வணக்கம். என்னிடம் இருப்பது முப்பது ஆண்டுகளைத் தாண்டிய கண்ணாடியிழைப் படகு. டீசல் என்ஜினிலிருந்து வரும் 25 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்ட், படகின் அடியில் இறங்கி நிற்கும் வெண்கலப் பிராக்கெட்டுக்குள் உள்ள ரப்பர் பேரிங்கில் சுழல்கிறது. நடுத்தர வேகத்தில் தரைப்பலகை அதிரத் தொடங்கியதால் படகைக் கரையேற்றிப் பார்த்தேன். புரொப்பல்லரைக் கையால் தூக்கி இறக்கினால் ‘டக் டக்’ என்று ஓசை கேட்கிறது. ஷாஃப்டின் மேல்புறத்துக்கும் ரப்பருக்கும் நடுவே ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி இருக்கிறது.

ஷாஃப்டை வெளியே உருவுவதற்குச் சுக்கான் குறுக்கே நிற்கிறது. உள்ளே ஷாஃப்டை என்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கும் துருவேறி ஷாஃப்டோடு ஒட்டிப்போயிருக்கிறது. ஆகவே ஷாஃப்டை இருக்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு பேரிங்கை மட்டும் மாற்ற முடியுமா? புதிய பேரிங்கின் அளவை எதை வைத்து முடிவு செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கரைவேலை:

25 மி.மீ. ஷாஃப்டில் ஆட்டம் 1.5 மி.மீ. அளவை எட்டினாலே பேரிங்கை மாற்றிவிட வேண்டும் என்பது வேலை செய்பவர்களிடையே உள்ள கணக்கு. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இனித் தள்ளிப்போட வேண்டாம்.

ஷாஃப்டை உருவாமல் மாற்ற முடியும். ஆனால் அதற்கு முன் ஓர் அளவை எடுத்துப் பாருங்கள். இவ்வகைப் பேரிங்கின் நீளம் பெரும்பாலும் ஷாஃப்ட் விட்டத்தின் நான்கு மடங்கு, அதாவது உங்களுக்கு 100 மி.மீ. அளவில் இருக்கும். புரொப்பல்லரைக் கழற்றிய பிறகு ஷாஃப்டின் முனைக்கும் சுக்கானுக்கும் நடுவே அதைவிடச் சற்றுக் கூடுதலான இடம் இருந்தால்தான் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். நேராக நிற்கும்போது இடம் போதவில்லை என்றால் சுக்கானை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பிப் பாருங்கள். பல படகுகளில் அதுவே போதுமானதாக இருக்கும்.

அடுத்ததாக, பிராக்கெட்டின் பக்கவாட்டைச் சுரண்டிப் பூச்சை நீக்குங்கள். பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் சிறு திருகுகள் ஒன்றோ இரண்டோ பல அடுக்குப் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருக்கும். அவற்றைக் கவனிக்காமல் இழுத்தால் பிராக்கெட்டே சேதமாகும். இழுப்பதற்கு, ஷாஃப்டைச் சுற்றி இரண்டு பாதியாகப் பூட்டக்கூடிய வளையமும், நீண்ட மரையாணிகளும், பேரிங் உள்ளே வந்து விழும் அளவுக்கு அகன்ற குழாய்த் துண்டும் கொண்ட புல்லர் தேவை. வளையம் பேரிங்கின் உலோக ஓட்டின் விளிம்பை மட்டும் தள்ள வேண்டும். குழாய் பிராக்கெட்டின் மறுமுனையில் உட்கார வேண்டும். இரண்டு மரையாணிகளையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முறுக்கினால் பேரிங் நோகாமல் நகர்ந்து வரும். விசை முழுவதும் பிராக்கெட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவிலேயே அடங்கிவிடுவதுதான் இந்த முறையின் சிறப்பு. சுத்தியலால் அடித்தால் அந்த விசை பிராக்கெட்டின் கால் வழியாகப் படகின் உடலுக்குள் போகும். பழைய படகில் அந்த ஒட்டு விட்டுப்போனால் பேரிங் வேலை என்பது பெரிய மராமத்து வேலையாக மாறிவிடும்.

ஹேக்ஸா பிளேடால் பேரிங்கின் உலோக ஓட்டை நீளவாக்கில் அறுத்து உள்நோக்கி மடக்கி எடுக்கும் வழியும் உண்டு. அதற்கு ஷாஃப்டை உருவியே ஆக வேண்டும் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது.

மரைக்கணக்கு:

அளவைப் பற்றி: பழைய படகு என்பதால் ஷாஃப்ட் 25 மி.மீ. தானா, அல்லது 25.4 மி.மீ. கொண்ட ஓர் அங்குல ஷாஃப்டா என்பதை வெர்னியரால் பாருங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் அளக்காமல், தேயாத பகுதியில் அளக்க வேண்டும். வெளிவிட்டத்துக்குப் பழைய பேரிங்கை நம்புவதைவிட, அதைக் கழற்றிய பின் பிராக்கெட்டின் துளையையே அளப்பது நல்லது.

பிராக்கெட் வெண்கலம் என்பதால் பித்தளை ஓட்டுப் பேரிங் போதும். எஃகு அல்லது அலுமினியப் பிராக்கெட்டாக இருந்தால் உலோகமல்லாத ஓட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். இல்லையெனில் உப்புநீரில் பித்தளையைத் தொட்டிருக்கும் எஃகோ அலுமினியமோ அரிக்கப்படும்.

பொருத்துவதற்கு முன் புதிய பேரிங்கை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் பித்தளை சற்றே சுருங்கி எளிதாக நுழையும். சோப்பு நீர் மட்டும் தடவுங்கள். கிரீஸும் எண்ணெயும் கூடாது. பெட்ரோலியப் பொருள் பட்டால் ரப்பர் காலப்போக்கில் உப்பி ஷாஃப்டைப் பிடிக்கும். இந்தப் பேரிங்குக்கு உராய்வு நீக்கி நீர்தான். அது ஓடுவதற்காகவே உள்ளே நீளவாக்கில் பள்ளங்கள் விட்டிருக்கிறார்கள். திருகுகளை முடுக்குவதற்கு முன் அவற்றின் துளை வழியாக ஓட்டில் சிறு குழி மட்டும் போடுங்கள், துளைத்துக்கொண்டு போக வேண்டாம். திருகின் முனை அந்தக் குழியில் உட்கார்ந்தால் போதும். இறுக்கி அழுத்தினால் ஓடு உட்புறமாகப் பிதுங்கி, புதிய பேரிங்கே ஒரு பக்கம் சூடேறித் தேயும். திருகு கழன்றுவிடாமல் இருக்க மரையில் பிடிப்புப் பசை இடலாம்.

நேர்கோடு:

மேலே சொன்னவை சரியே. ஆனால் பழையதைக் கழற்றிய கையோடு குப்பையில் போட்டுவிடாதீர்கள். முன்முனை எது, மேற்பக்கம் எது என்று கழற்றுவதற்கு முன்பே ஓட்டில் குறியிட்டு, ரப்பர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முழு நீளத்துக்கும் அடிப்பக்கம் மட்டும் சீராகத் தேய்ந்திருந்தால் அது எடையாலும் வயதாலும் வந்தது. சுற்றிலும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா, புரொப்பல்லர் சமநிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்முனையில் ஒரு பக்கமும் பின்முனையில் எதிர்ப்பக்கமும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் பேரிங்குக்குள் கோணலாகக் கிடந்து ஓடியிருக்கிறது என்று பொருள்.

பழம்படகு:

மிக்க நன்றி. சுக்கானைத் திருப்பியபோது இடம் கிடைத்தது; புல்லரால் பேரிங்கும் வந்துவிட்டது. நேர்கோடு அவர்கள் கடைசியாகச் சொன்ன வகைதான்: முன்முனையில் இடப்பக்கமும் பின்முனையில் வலப்பக்கமும் தேய்ந்திருக்கிறது. பேரிங் இருந்த இடத்தில் ஷாஃப்ட் பளபளப்பாக இருந்தாலும் நகத்தால் வருடினால் பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை. இப்போது புதியதைப் பொருத்திவிடலாமா?

நேர்கோடு:

பொருத்தலாம். நகத்தில் பள்ளம் தட்டியிருந்தால் ஷாஃப்டையும் மாற்றச் சொல்லியிருப்பேன். அது இல்லாதது நல்லது. ஆனால் கோணலைச் சரிசெய்யாவிட்டால் புதிய ரப்பரும் இதே வடிவில்தான் தேயும். முதலில் என்ஜின் தாங்கிகளைப் பாருங்கள். முப்பது ஆண்டு ரப்பர் தாங்கிகள் ஒரு பக்கம் அமுங்கியிருப்பதும், டீசல் பட்டு மெத்தென்று ஆகியிருப்பதும் வழக்கம். அப்படியிருந்தால் அவற்றை முதலில் மாற்றாமல் நேர்ப்படுத்துவது வீண்வேலை.

இறுதி அளவைக் கரையில் எடுக்காதீர்கள். படகு தாங்குகட்டைகளில் நிற்கும்போது அதன் உடல் ஒரு வடிவிலும், நீரில் மிதக்கும்போது வேறொரு வடிவிலும் இருக்கும். நீரில் இறக்கி, டாங்கிகளில் வழக்கமான அளவு நிரப்பி, ஓரிரு நாள் விட்டபின் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கப்ளிங்கை ஷாஃப்டிலிருந்து பிரிக்கத் தேவையில்லை என்பதால் துரு உங்களுக்குத் தடையாக இருக்காது. இரண்டு முகங்களையும் தொடும்படி சேர்த்து, மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 100 மி.மீ. விட்டமுள்ள முகத்தில் வேறுபாடு 0.1 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. ஷாஃப்டை மட்டும் கால் சுற்று திருப்பி மீண்டும் அளவெடுங்கள். இடைவெளி ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றினால் கோளாறு கப்ளிங்கிலோ ஷாஃப்டிலோ இருக்கிறது, அதே இடத்தில் நின்றால் என்ஜினைத்தான் நகர்த்த வேண்டும்.

கரைவேலை:

புரொப்பல்லரைத் திரும்ப மாட்டும்போது கவனிக்க ஒன்று. ஷாஃப்டில் துத்தநாக அனோடு (அரிப்பைத் தான் ஏற்று மற்ற உலோகங்களைக் காக்கும் துண்டு) இருந்தால், அதைப் பேரிங்கின் முன்முனையோடு ஒட்டி வைக்காமல், குறைந்தது ஷாஃப்ட் விட்டம் அளவுக்காவது தள்ளிப் பூட்டுங்கள். நெருங்கி இருந்தால் பேரிங்கின் பள்ளங்களுக்குள் நீர் போகும் வழி அடைபடும்.