மறுமொழி: பழைய எக்ஸ்எம்எல் சேவைக்கு நடுவே நிற்பது ‘இணைப்பி’யா, ‘உறைமாற்றி’யா?

குழுவினருக்கு வணக்கம்.

நிரல் எழுதாமலே அமைத்துக்கொள்ளும், செயலியின் திரைக்குப் பின்னால் தரவைக் கையாளும் பகுதியை ‘நிரலில்லாப் பின்தளம்’ (no-code backend) என்று சொல்வதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பின்தளத்தைப் பழைய சோப் (SOAP, கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறும் ஒரு நெறிமுறை) சேவையோடு பேசவைக்கும் பகுதிக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. ‘இணைப்பி’ போதும் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் போதவில்லை. கம்பியும் இணைப்பிதான், செருகியும் இணைப்பிதான். இந்தப் பகுதி செய்யும் வேலை அந்தச் சொல்லில் தெரியவில்லையே.

பின்தளம் தருவது ஜேசன் (JSON) என்ற தரவு வடிவம். 2000-இல் வெளிவந்த சோப் 1.1-ஐப் பின்பற்றும் சேவை கேட்பதோ எக்ஸ்எம்எல் (XML), அதாவது தரவைக் குறிகளுக்கு நடுவே எழுதும் இன்னொரு வடிவம். அதையும் ஓர் உறைக்குள் வைத்துக் கேட்கிறது. உறைக்குள் தேவையானால் தலைப்பகுதி, கட்டாயமாக உடற்பகுதி. அஞ்சல் உறையைக் குறிக்கும் பெயரைத்தான் தர வரையறையே அந்த வெளிக்கூறுக்குச் சூட்டியிருக்கிறது. ஆகவே, போகும்போது உறையிட்டு, பதில் வரும்போது உறை பிரித்து, உள்ளிருப்பதை ஜேசனாக்கித் தருவதற்கு ‘உறைமாற்றி’ என்று முன்மொழிகிறேன். மின்மாற்றி தெருத்தெருவாக நிற்கும் நாட்டில் ‘மாற்றி’ யாருக்கும் புதிதல்ல. உறையிடல், உறைபிரித்தல் என வினைகளும் கூடவே கிடைக்கின்றன.

உறை என்றால் பாலில் ஊற்றும் மோரல்லவா என்று அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தலையணை உறையையும் அதே வீட்டில் குழப்பமின்றிச் சொல்கிறோம் என்பதே என் பதில்.

நெசவுக்குப் பேர்போன குடியாத்தத்து நண்பர் இதே பகுதிக்குச் சொன்ன ‘பிணைப்பி’தான் என்னை இரண்டு நாள் யோசிக்கவைத்தது. தறியில் பாவு (நீளவாக்கில் ஓடும் இழைகள்) தீரும்போது பழைய இழையின் முனையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். வரிசை தவறினால் லுங்கியின் கட்டம் கெட்டுவிடும். இங்கும் அந்தக் கவனம் வேண்டும். வேலூரில் நான் பார்த்த ஒரு வேலையில், பழைய சேவை தொலைபேசிக் குறியீட்டை 0416 என்று சரியாகத்தான் அனுப்பியது. மாற்றும் பகுதி அதை எண்ணாகக் கொண்டு 416 ஆக்கிவிட்டது. இன்னொரு சிக்கல்: வாடிக்கையாளருக்கு இரண்டு கொள்முதல் ஆணைகள் இருந்தால் பட்டியலாக வந்தது, ஒன்றே ஒன்று இருந்தால் பட்டியலாக இல்லாமல் தனிப்பொருளாக வந்து, பின்தளத்தின் அடுத்த படி அப்படியே நின்றது. எக்ஸ்எம்எல்லில் பட்டியலுக்கென்று தனிக் குறி கிடையாது. எந்தக் கூறு எத்தனை முறை வரலாம் என்பது சேவையின் விவரக் கோப்பில் இருக்கும். அதைப் படித்து, புலம் புலமாக, அதாவது ஒவ்வொரு தரவுக்கும், அது எண்ணா எழுத்தா பட்டியலா என்ற வகையைக் கையால் குறித்த பிறகே ஒழுங்கானது.

இந்தப் பொறுமையான வேலைக்குப் ‘புலப்பிணைப்பு’ என்று பெயர் வைப்போம். நண்பரின் சொல்லுக்கு அதுவே உரிய இடம். அது உறைமாற்றிக்குள் நடக்கும் ஒரு செயல் என்பதால் முழுப் பகுதிக்கும் அந்தப் பெயரைத் தர எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று மிச்சமிருக்கிறது. சோப் 1.1-இல் கோரிக்கை தோற்றால், வழங்கியில் பிழை என்று காட்டும் 500 என்ற நிலைக்குறியும், உடற்பகுதிக்குள் தோல்விக்கான காரணமும் வரும். 500-ஐக் கண்டவுடன் கைவிடாமல் உள்ளே படிக்கும்படி உறைமாற்றியை அமைக்க வேண்டும். காரணம் தாங்கிவரும் அந்தக் கூறுக்கு ‘வழு’ என்று சொல்லலாம் என்றால், நிரலில் உள்ள குறையை ஏற்கெனவே அப்படித்தான் எழுதிவருகிறோம். ‘பழுது’ பொருந்துமா? மற்றவர்கள் சொல்லுங்கள்.