சிங்கப்பூர் பாடாங் திடல் பக்கம் ஒரு கலைக்கூட நடை: பாதைக்கு யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. முதியோர் இருவர் உட்பட எட்டுப் பேர், ஒரு வெள்ளிக்கிழமை நடக்கத் திட்டம். வெள்ளியைத் தேர்ந்ததற்குக் காரணம், அன்று ஆசிய நாகரிக அரும்பொருளகம் இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.

சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து நேஷனல் கேலரிக்கு ஐந்து நிமிட நடைதான். குழப்பம் உள்ளேதான் தொடங்குகிறது. 1929இல் கட்டிய நகர மண்டபத்தையும் 1939இன் உச்ச நீதிமன்றத்தையும் இணைத்த கட்டடம் அது. சிங்கப்பூர் ஓவியங்கள் ஒரு பக்கம், தென்கிழக்காசிய ஓவியங்கள் மறுபக்கம். இரண்டையும் இணைக்கும் பாலங்கள் மேல்தளங்களில் மட்டும். தெரியாதவர்கள் கீழே இறங்கி மறுபடி ஏறிக் காலை நோகடித்துக்கொள்வார்கள். எந்த மின்தூக்கியில் ஏறினால் நேராகப் பாலத்துக்குப் போகலாம்?

அங்கிருந்து ஆர்ட்ஸ் ஹவுஸ் வழியாக ஆற்றோரம் இருக்கும் அரும்பொருளகத்துக்குப் போக வேண்டும். மழை வந்தால் ஒதுங்க இடமுள்ள பாதை உண்டா? சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை எந்தப் பக்கம்?

வெளிநாட்டுக் கேலரிகளுக்கு கில்மன் பாரக்ஸை இன்னொரு நாளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். அங்கே பல கேலரிகளுக்குத் திங்கள் விடுமுறை, கட்டடங்களும் மேட்டில் சிதறிக் கிடக்கின்றன. லாப்ரடார் பார்க் நிலையத்திலிருந்து முதியோரை நடத்திக் கூட்டிப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டாக்சியே நல்லது என்றால் எந்தக் கட்டடத்தின் முன் இறங்குவது?

அண்மையில் போய்வந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.