லைவில் மட்டும் மைக்ரேஷன் ஹேங் ஆகிறது, சைட்டும் கூடவே நிற்கிறது

கோரமங்களா_காப்பி:
சைட் ஜாங்கோ 4.2, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. ஆர்டர் டேபிளில் டெலிவரி குறிப்புக்கு ஒரு ஃபீல்டு சேர்க்கிறேன். நல் (காலி மதிப்பு) அனுமதி உண்டு, டீஃபால்ட் கிடையாது. ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. லைவில் மைக்ரேட் (டேபிள் மாற்றத்தை டேட்டாபேஸில் ஓட்டும் கட்டளை) கொடுத்தால் அப்படியே நிற்கிறது, எரர்கூட இல்லை. அந்த நேரத்தில் ஆர்டர் பக்கம் யாருக்கும் திறப்பதில்லை. கன்ட்ரோல்-சி அடித்தால் எல்லாம் ஓடுகிறது. டேபிள் பெரிது, ராத்திரி 2 மணிக்குப் பார்த்துக்கொள் என்கிறார் மேனேஜர். வேறு வழி இருக்கிறதா?

பைத்தான்_பாண்டி:
ஃபேக் ஆப்ஷன் போட்டு ஓட்டுங்க ப்ரோ.

அல்சூர்_அண்ணாச்சி:
ஐயோ, ஃபேக் வேண்டவே வேண்டாம். அது ஜாங்கோ_மைக்ரேஷன்ஸ் டேபிளில் 'முடிந்தது' என்று ஒரு வரி எழுதும், அவ்வளவுதான். ஃபீல்டு உருவாகாது. அப்புறம் ஆர்டரைத் தொடும் முதல் குவெரியே வெடிக்கும்.

தம்பி, டேபிள் பெரிதாக இருப்பது காரணமே இல்லை. நல் ஃபீல்டு சேர்க்கும்போது போஸ்ட்கிரெஸ் பழைய வரிகளைத் தொடுவதில்லை. 2018இல் வந்த 11ஆம் பதிப்பு முதல் மாறாத டீஃபால்ட் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் ஃபீல்டு சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளைக்கு முழு லாக் வேண்டும், அதாவது அந்த நேரத்தில் வேறு யாரும் டேபிளைத் தொடக்கூடாது. யாரோ ஒருவர் அந்த டேபிளைத் தொட்ட டிரான்சாக்ஷனை முடிக்காமல் திறந்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். உங்கள் மைக்ரேஷன் அவர் பின்னால் நிற்கிறது. அதன் பின்னால் சாதாரண செலக்ட்கூட நிற்கிறது. எங்கள் அல்சூர் சந்தில் டெம்போ நிறுத்திச் சரக்கு இறக்கினால் பைக் ஓரமாகப் போய்விடும். ஆனால் பின்னால் ஒரு வேன் வந்து வழிக்காக நின்றுவிட்டால் பைக்குக்கும் வழி இல்லை. வேன் நீங்கள்.

அடுத்த தடவை நிற்கும்போது இன்னொரு விண்டோவில், டேட்டாபேஸில் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பாருங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்று ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ராத்திரி 2 மணிக்கும் அவர் அங்கேயே இருப்பார், மேனேஜரிடம் சொல்லுங்கள். மைக்ரேஷன் ஓட்டும் யூசருக்கு லாக்_டைம்அவுட் 3 நொடி வையுங்கள். லாக் கிடைக்காவிட்டால் அதுவே தோற்று விலகிவிடும், சைட் அந்த 3 நொடிக்கு மேல் நிற்காது. திரும்ப ஓட்டிக்கொள்ளலாம்.

கோரமங்களா_காப்பி:
அண்ணாச்சி, கிடைத்துவிட்டது! ரிப்போர்ட் டீமில் ஆட்டோ-கமிட் அணைத்த ஒரு செஷன், காலையிலிருந்து திறந்தே கிடந்தது. மூடச் சொன்னதும் மைக்ரேஷன் ஒரு நொடியில் ஓடியது. அதே டேபிளில் அடுத்து (தேடலை வேகமாக்க) இண்டெக்ஸும் போட வேண்டும். அதற்கும் இதே முறையா?

அல்சூர்_அண்ணாச்சி:
இல்லை. சாதாரண இண்டெக்ஸ் கட்டி முடியும்வரை இன்சர்ட், அப்டேட் எல்லாம் நிற்கும். அங்கே டேபிளின் அளவு நிஜமாகவே கணக்கு. அதனால் எழுதுவதை நிறுத்தாமல் இண்டெக்ஸ் கட்டும் ஜாங்கோவின் ஆட்இண்டெக்ஸ்கன்கரன்ட்லி பயன்படுத்துங்கள். அது டிரான்சாக்ஷனுக்குள் ஓடாது, எனவே அந்த மைக்ரேஷனில் அட்டாமிக் ஃபால்ஸ் போடுங்கள். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை டிராப் செய்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.