கோத்தகிரிக் குளிரில் அணைந்துவிடும் மியூசிக் பிளேயர்: கடையில் மாற்றிக் கேட்க முடியுமா?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். இம்மாதத் தொடக்கத்தில் கோவைக் கடை ஒன்றில் கையடக்க மியூசிக் பிளேயர் வாங்கினேன். வீட்டுக்குள் ஒழுங்காகப் பாடுகிறது. விடியற்காலையில் தேயிலைத் தோட்டப் பாதையில் நடக்கும்போது மட்டும், பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டும் நிலையிலேயே அணைந்துவிடுகிறது. வீடு திரும்பிச் சற்று நேரம் கழித்து அழுத்தினால் மீண்டும் இயங்குகிறது. கடைக்கு எடுத்துச் சென்றபோதோ ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். மாற்றித் தரும்படி கேட்க வழி உண்டா?

பதில் (குன்னூர்):
லித்தியம் அயனி பேட்டரி குளிர்ந்தால் அதன் உள்மின்தடை கூடும். அப்போது மின்னழுத்தம் சரிந்து, சார்ஜ் மீதியிருந்தாலும் கருவி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சூடு ஏறியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். கோவையில் குறை தென்படாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் நல்ல பேட்டரிக்கு நம் ஊர்க் குளிர் ஒரு பொருட்டே அல்ல. கையேட்டில் இயங்கு வெப்பநிலை குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது 0 அல்லது 5 டிகிரியில் தொடங்கும். உங்கள் தோட்டப் பாதையில் காலையில் 10 டிகிரி இருந்தால், தயாரிப்பாளரே சொன்ன எல்லைக்குள் கருவி அணைகிறது என்று பொருள். உங்கள் வாதத்தை இதன்மேல் நிறுத்துங்கள்.

அதற்கு முன் மெமரி கார்டைக் கழற்றிவிட்டு, உள்நினைவகப் பாடல்களை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். பழுதான கோப்பில் சிக்கினாலும் பிளேயர் நின்றுவிடுவதுண்டு. அப்படியிருந்தால் வீட்டிலும் நின்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆயினும் கடைக்காரர் முதலில் கார்டின் மீதுதான் பழியைப் போடுவார். பிறகு தெர்மாமீட்டரை அருகில் வைத்து, பேட்டரி அளவும் அணையும் கணமும் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்துச் சோதிக்கும்படி யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள்: வெளியே எடுத்ததும் ஈரம் படியும், தண்ணீர் பட்டது என்று கையை விரித்துவிடுவார்கள்.

பதில் (உதகை):
பில்லில் அச்சிட்ட அந்த வரியைக் கண்டு தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. ஆகவே நாள் கடத்தாமல் கடைக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். கடை கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கையேட்டில் 5 முதல் 35 டிகிரி வரை என்றே இருக்கிறது. கார்டைக் கழற்றிய பின்பும் இன்று காலை அணைந்தது, வீடியோ எடுத்துவிட்டேன். மாற்றித் தராமல் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னால் என்ன செய்வது?

பதில் (உதகை):
போகலாம், ஆனால் முதலில் கடைக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் தரும் ரசீதில் தேதியோடு ‘குளிரில் அணைகிறது’ என்ற குறையையும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே ‘சோதனைக்காக’ என்று எழுதினால் கையெழுத்திடாதீர்கள்.