ஏற்றுமதியா, சுரப்பா, புறச்செலுத்தமா?

அன்புடையீர், வணக்கம்.

மண்ணில் வாழும் பாக்டீரியா தன் புரதங்களைச் செல் சவ்வைத் தாண்டி அனுப்பும் நிகழ்வுக்கு ‘புரத ஏற்றுமதி’ என்னும் சொல்லை நம் கலைச்சொல் குழு மடலில் ஐயா அவர்கள் முன்மொழிந்திருந்தார்கள். ‘சுரப்பு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று அடுத்த மடல் கேட்டது. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

ஸ்டார்ச் கலந்த அகார் தட்டில் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் மண் பாக்டீரியாவை ஒரு கோடாக இழுத்து வளரவிட்டு, மறுநாள் அயோடின் கரைசலை ஊற்றினால், தட்டு முழுவதும் கருநீலமாகிவிட, அந்தக் கோட்டின் இருபுறமும் மட்டும் ஒரு பட்டை வெளிறிக் கிடக்கும். செல்லே இல்லாத இடத்தில் ஸ்டார்ச் சிதைந்திருக்கிறது என்றால், அமைலேஸ் நொதி வெளியே போய் வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஸ்டார்ச் சவ்வுக்குள் நுழைய இயலாத பெரிய மூலக்கூறு. ஆகவே நொதியைத்தான் உணவிடம் அனுப்ப வேண்டியிருக்கிறது.

அந்த நொதி தானாகக் கசிந்து வருவதில்லை. புரதச் சங்கிலியின் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஓர் அடையாளத் துண்டு இருக்கிறது. செக்-ஏ என்னும் மோட்டார்ப் புரதம், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு, இன்னும் மடியாத அந்தச் சங்கிலியைச் சவ்வில் பதிந்த குறுகிய வாயிலுக்குள் தள்ளுகிறது. மறுபுறத்தில் வேறொரு நொதி அடையாளத் துண்டை நறுக்கிவிட, அதன்பின்தான் புரதம் மடிந்து உருப்பெறுகிறது.

ஊற்று சுரக்கிறது, மடியில் பால் சுரக்கிறது என்னும்போது தள்ளுபவர் எவரும் நம் கண்ணில் படுவதில்லை. இங்கோ தள்ளுதலே நிகழ்வின் உயிர். இதைவிட வலுவான காரணம் இன்னொன்று. கிராம்-எதிர் பாக்டீரியாக்களுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வைக் கடப்பதும் வெளிச்சவ்வையும் கடந்து சூழலை அடைவதும் அங்கே வெவ்வேறு நிகழ்வுகள். இரண்டாவதற்குச் ‘சுரப்பு’ தேவைப்படுவதால், அதை முதலாவதிலேயே செலவழித்துவிட்டால் பின்னர் திண்டாடுவோம். ‘ஏற்றுமதி’ தெளிவான சொல்தான், ஆனால் கூடவே வாங்குபவரையும் விலையையும் இழுத்து வருகிறது. ‘கடத்தல்’ ஏற்கெனவே மின்சாரத்துக்கும் தங்கத்துக்கும் சேர்த்து உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஊசிக்காதில் நூல் நுழைவதைப் போன்ற காட்சி என்பதால் ‘சவ்வூடு கோத்தல்’ என்றே நான் முதலில் எழுதி வைத்திருந்தேன். அழகில் மயங்கிச் செய்த பிழை அது. டாட் என்னும் மற்றொரு வழியில், இரண்டு ஆர்ஜினின் அமினோ அமிலங்களை அடுத்தடுத்து அடையாளமாகத் தாங்கிய புரதங்கள் முழுவதும் மடிந்த நிலையிலேயே சவ்வைக் கடக்கின்றன. அதற்கான ஆற்றலும் ஏடிபியிலிருந்து அல்ல, சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டிலிருந்தே கிடைக்கிறது. பாஸ்பேட் பற்றாக்குறையின்போது பேசில்லஸ் அனுப்பும் ஃபோ-டி நொதி இவ்வழியில் செல்வது. முடிந்த மாலையை ஊசிக்காதில் எப்படிக் கோப்பது?

எனவே ‘புறச்செலுத்தம்’ என்பதை முன்வைக்கிறேன். அழுத்து அழுத்தமாவதையும் திருத்து திருத்தமாவதையும் போலச் செலுத்து செலுத்தமாகும். நூலாகச் சென்றாலும் மடிந்த பொதியாகச் சென்றாலும் சொல் பொருந்துகிறது. தேரைச் செலுத்துவதில் உள்ள விசையும் அதில் இருக்கிறது. புறச்செலுத்து வழி, புறச்செலுத்துப் புரதம் என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன.

அடையாளத் துண்டுக்கு ‘முகவரித் துண்டு’ எனலாம். புரதங்கள் தாம் சேரவேண்டிய இடத்துக்கான குறியைத் தம்மிலேயே தாங்கியுள்ளன என்று கண்டதற்காகத்தான் 1999இல் குந்தர் பிளோபலுக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. குறி சங்கிலியின் முகப்பில் இருப்பதால், ‘முகம்’ இங்கே இருபொருளிலும் அமைகிறது.

ஓர் இடத்தில் மட்டும் என் சொல் தடுமாறுகிறது. ஆக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியா தன் டிஎன்ஏ துண்டையும் சில புரதங்களையும் தாவரச் செல்லுக்குள்ளேயே நேராகச் சேர்க்கிறது. பிறிதோர் உயிரின் அகத்தைப் ‘புறம்’ என்பது பொருந்தாது. அதற்கு ‘ஊடுசெலுத்தம்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாமா என்பதில் குழுவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.