16 வயதுக்கு முன் சமூக ஊடகக் கணக்கு வேண்டுமா?

திருப்பாதிரிப்புலியூர் தந்தை:
ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்னும் சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். அதுவும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல, நிறுவனத்துக்கு. இங்கும் அத்தகைய சட்டம் வேண்டும் என்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கியதை ஆறு மாதம் கழித்தே அறிந்தேன். அதற்குள் முன்பின் தெரியாத ஒருவர், நாள்தோறும் ‘சாப்பிட்டாயா’ என்று விசாரிக்கும் அளவுக்கு அவளிடம் நெருங்கியிருந்தார்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
உங்கள் அச்சம் நியாயமானது, ஐயா. ஆனால் இன்ஸ்டாகிராமில் 13 வயது வரம்பு ஏற்கெனவே உண்டு; உங்கள் மகள் அதைத்தான் தாண்டினாள். 16 ஆக்கினால் இன்னும் மூன்று ஆண்டு கூட்டிச் சொல்வார்கள். திருட்டுத்தனமாகப் பயன்படுத்தும் பிள்ளை, சிக்கல் வந்தால் வீட்டில் வாய் திறக்காது. ஃபெஞ்சல் புயலின்போது எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் என்பதை எங்களுக்கு முதலில் சொன்னவர்களும் இந்தப் பிள்ளைகள்தாம்.

திருப்பாதிரிப்புலியூர் தந்தை:
அந்தச் செய்திகள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்தவை, அம்மா. ஆஸ்திரேலியத் தடையில் வாட்ஸ்அப் இல்லை. மேலும் 13 என்பதை மீறியதற்காக இங்கு எந்த நிறுவனமும் பணம் கட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வயதை உறுதிசெய்யும் பொறுப்பைச் சட்டம் நிறுவனத்தின் தலையில் வைப்பதுதான் வேறுபாடு.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
வாட்ஸ்அப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் வயதை உறுதிசெய்ய நம் அனைவரின் முகத்தையும் அடையாள அட்டையையும் அந்த நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டியிருக்குமே! 18 வயதுக்குக் குறைந்தோரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமே கூறுகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முதலில் அதைச் செயல்படுத்தட்டும்.

தேவனாம்பட்டினம் அண்ணன்:
ஒப்புதலை யார் தருவார்கள், டீச்சர்? விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போகும் என் தாயாரின் கைப்பேசியில் செயலிகளை ஏற்றித் தருபவன் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தம்பிதான். ஓ.டி.பி. வந்தாலும் அவனே படித்து, அவனே அழுத்துகிறான்.

முத்தியால்பேட்டை ஆசிரியை:
இதற்கு என்னிடம் விடை இல்லை, தம்பி. என் வகுப்பிலும் பாதிப் பேரின் வீட்டில் நிலை இதுதான். தடையை இன்னும் ஏற்கவில்லை. ஆனால் ‘பெற்றோர் ஒப்புதல்’ போதும் என்று இனி நான் வாதிட மாட்டேன்.