கவியோட சுருள் படியும் சுந்தர் மாமாவும்

கவிதா: யாராச்சும் முழிச்சிருக்கீங்களா? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டிராயிங் போட்டிருக்கேன் பாருங்க. ஏழு மாடி பொது நூலகம். பின்னாடி சுவத்துக்கு வெளிய சிவப்பு கலர்ல சுத்திச்சுத்தி இறங்குதே ஒரு இரும்புப் படி, அதான் ஃபயர் எஸ்கேப், தீ புடிச்சா தப்பிச்சு இறங்கற வழி. மொத்த டிசைன்லயும் எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்

அம்மா: அழகா இருக்குடி தங்கம்

தினேஷ்: பேனா ஸ்பிரிங் மாதிரி இருக்கு

கவிதா: போடா

சுந்தர் மாமா: படம் நல்லாருக்கும்மா. இப்ப ஏழாவது மாடில பேப்பர் படிச்சிட்டிருக்கிற உங்க தாத்தாவ அதுல இறக்கிக் காட்டு பாப்போம்

தாத்தா: என்னை ஏண்டா நடுவுல இழுக்கிற. என் முழங்காலுக்கு நான் அங்கயே உக்காந்துருவேன்

சுந்தர் மாமா: அதாம்ப்பா விஷயமே. கவி தப்பா நெனச்சுக்காத, முப்பது வருஷம் ஃபயர் சர்வீஸ்ல இருந்தவன் வாய் சும்மா இருக்காது. சுருள் படில உள்பக்கம் கால் வைக்கவே இடம் கிடையாது, ரெண்டு பேர் சேந்து இறங்க முடியாது, ஸ்ட்ரெச்சர் திரும்பாது, கம்பி வழியா கீழ பாத்தா தலை சுத்தும், பயந்துபோன ஒரே ஒரு ஆள் நடுவுல கைப்பிடிய கட்டிப்புடிச்சிட்டு நின்னாப் போதும் மேல வர்ற அத்தன பேரும் நின்னாச்சு. கொஞ்சப் பேர் இருக்கிற ரெண்டு மாடிக்கு சரி. ஏழு மாடிக்கு ஆவாது

கவிதா: சரி மாமா நேர் படியா மாத்திடறேன். ஆனா வெளியதானே இருக்கணும், வெளிய இருந்தா புகை அடைக்காதுல்ல

சுந்தர் மாமா: படிக்குக் கீழயே மாடிக்கு மாடி ஜன்னல் வச்சிருக்கியே. மூணாவது மாடி ஜன்னல் கண்ணாடி சூட்டுல வெடிச்சா நெருப்பு எங்க வரும்? அந்தப் படி மேலதான். மேல இருக்கிறவன் அதத் தாண்டித்தான் இறங்கணும். அப்புறம் துரு. ஒரு கட்டடத்துல இன்ஸ்பெக்‌ஷன் போனப்ப வெளிப்படிய சுவத்தோட சேத்து புடிச்சிருக்கிற போல்ட்ட சும்மா ரெண்டு விரல்ல ஆட்டிப் பாத்தேன், சுண்ணாம்புப் பொடியோட கையோட வந்துருச்சு. மேல ஏறாம அப்பிடியே இறங்கிட்டேன். பெயின்ட் மட்டும் வருஷா வருஷம் அடிச்சிருக்காங்க, பளபளன்னு இருந்துது

சித்தப்பா: 🌙 இனிய இரவு வணக்கம்

தினேஷ்: சித்தப்பா டைமிங்

சுந்தர் மாமா: 1911ல நியூயார்க்ல டிரையாங்கிள்னு ஒரு தையல் ஃபேக்டரி. பத்து மாடிக் கட்டடம், மேல மூணு மாடில இவங்க. வெளிய இரும்பு ஃபயர் எஸ்கேப் இருந்துது, இல்லன்னு சொல்ல முடியாது. கூட்டம் ஏறினதும் வளைஞ்சு ஆளுங்களோட பேந்து விழுந்துருச்சு. ஒன்பதாவது மாடில ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்துது, பொண்ணுங்க துணி திருடிட்டுப் போயிருவாங்கன்னு. ஃபயர் சர்வீஸ் ஏணி ஆறாவது மாடி வரைக்கும்தான் எட்டுச்சு. 146 பேர் போயிட்டாங்க

அம்மா: அண்ணா படுக்கப்போற நேரத்துல இதெல்லாம் ஏன்

ஜெயா அத்தை: வீட்லயும் இதேதான் லதா, சினிமாவுக்குப் போனாக்கூட சீட்ல உக்கார்றதுக்கு முன்னாடி எக்ஸிட் கதவத் தள்ளிப் பாத்துட்டுத்தான் வருவார்

கவிதா: அத்தை நைட் டூட்டியா?

ஜெயா அத்தை: ஆமாடி அஞ்சாவது மாடி வார்டு. இப்பதான் கொஞ்சம் ஓஞ்சுது

கவிதா: மாமா அப்ப படிய உள்ள கொண்டு வரேன். ஆனா உள்ள வச்சா அதுவே புகைபோக்கி ஆயிரும்னு எங்க சார் சொன்னாரே

சுந்தர் மாமா: உங்க சார் சொன்னது நூத்துக்கு நூறு. தீல நிறையப் பேர் சாகறது வெந்து இல்ல, புகைல. சூடான புகை மேல ஏறத்தான் பாக்கும், படிக்கட்டுதான் அதுக்கு சுலபமான வழி, ஒரு கதவு தொறந்து கிடந்தாப் போதும். அதனால ஹாலுக்கும் படிக்கும் நடுவுல சின்னதா ஒரு லாபி வை, லாபிக்கு ஒரு கதவு படிக்கு ஒரு கதவு, ரெண்டும் தீ தாங்கற கதவு, கைய விட்டா தானா மூடிக்கணும், அப்புறம் ஃபேன் வச்சு படிக்கட்டுக்குள்ள வெளிக்காத்த அடிச்சுக்கிட்டே இருக்கணும், உள்ள அழுத்தம் கூட இருந்தா கதவு தொறக்கறப்ப காத்து ஹால் பக்கம் தள்ளும், புகை உள்ள வராது. அந்த ஃபேன் காத்து இழுக்கற இடம் மொட்ட மாடில புகை போற பக்கமா இருந்தா எல்லாம் வேஸ்ட், புகைய நாமளே பம்ப் பண்ணி உள்ள விட்ட மாதிரி

தினேஷ்: எவ்ளோ அழுத்தம்

சுந்தர் மாமா: சுமாரா 50 பாஸ்கல் வைப்பாங்க

தினேஷ்: ரெண்டு சதுர மீட்டர் கதவுன்னா 100 நியூட்டன் வருது. பத்து கிலோ மூட்டை கதவுல சாஞ்சு நிக்கற மாதிரி

சுந்தர் மாமா: கரெக்ட்டு. அதான் கூடவும் போயிரக்கூடாது. ஃபேன ஏகத்துக்கும் வச்சுட்டு பாட்டியால கதவத் தள்ள முடியாம நின்ன கதையும் உண்டு. புகை உள்ள வரல, ஆளும் உள்ள வரல

ஜெயா அத்தை: ஏங்க தானா மூடற கதவுங்கறீங்களே, எங்க மாடில அதத் தொறந்தே வைக்கறதுக்கு எதை முட்டுக் குடுத்திருக்காங்க தெரியுமா

சுந்தர் மாமா: செங்கல்?

ஜெயா அத்தை: தீயணைப்பு சிலிண்டர்

தினேஷ்: 😂😂

ஜெயா அத்தை: சிரிக்காதடா, டிராலி தள்ளிட்டு நாளைக்கு நாப்பது தடவ போறவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஒரு கைல டிராலி ஒரு கைல கதவுன்னா எப்பிடி

சுந்தர் மாமா: அதுக்கு காந்தம் இருக்கு ஜெயா. கதவ சுவத்தோட புடிச்சு வச்சிருக்கும், அலாரம் அடிச்சா கரன்ட் கட்டாகி விட்டுரும், கதவு மூடிக்கும். கவி இத நோட் பண்ணிக்கோ. ஜனங்க முட்டுக் குடுக்கறாங்கன்னா திட்டிப் பிரயோஜனம் இல்ல, டிசைன் பண்ணவன் அவங்க வேலைய பாக்கலன்னு அர்த்தம்

கவிதா: 👍 ரெண்டு படியும் உள்ள, லிஃப்ட் பக்கத்துலயே ஒட்டி வச்சுட்டேன். இடம் மிச்சமாச்சு

சுந்தர் மாமா: ஐயோ. லிஃப்ட்கிட்ட தீ புடிச்சா ரெண்டும் போச்சே. மாடியோட மூலைக்கு மூலை ஒரு கோடு போடு, அந்த நீளத்துல பாதியாவது ரெண்டு படிக்கும் நடுவுல இருக்கணும். தீ வந்தா தானா தண்ணி தெளிக்கற ஸ்பிரிங்ளர் இருந்தா மூணுல ஒரு பங்குன்னு சில விதி விடும், நீ பாதியே வை. 2001ல வேர்ல்ட் ட்ரேட் சென்டர் வடக்கு கோபுரத்துல மூணு படிக்கட்டு, மூணும் நடுவுல கிட்டகிட்ட. விமானம் மோதின இடத்துல மூணும் ஒண்ணா அறுந்துருச்சு, அதுக்கு மேல இருந்தவங்களுக்கு இறங்க வழியே இல்ல. தெற்குல ஒரே ஒரு படி தப்பிச்சுது, அதுல கொஞ்சப் பேர் வந்துட்டாங்க

தாத்தா: அது கிடக்கட்டும் எனக்கு பதில் சொல்லு. முழங்கால்

கவிதா: தாத்தா உங்களுக்கு படி திரும்பற லேண்டிங்க பெருசாக்கறேன், வீல்சேர் ஒதுங்கி நிக்கற அளவுக்கு இடம், பேசறதுக்கு ஒரு இன்டர்காம், கீழேருந்து ஆள் வந்து இறக்கற வரைக்கும். ரெண்டு பக்கமும் கைப்பிடி

சுந்தர் மாமா: சபாஷ். ஆனா அந்த இடம் இறங்கறவங்க வழிய அடைக்கக்கூடாது. கதவு தொறக்கறப்பவும் வழிய அடைக்கக்கூடாது. ஃபயர் சர்வீஸ்காரங்க நாங்க தண்ணி ஓஸ தூக்கிட்டு மேல ஏறுவோம் நீங்க இறங்குவீங்க, ரெண்டு கூட்டமும் தோள் இடிக்காம போகணும். படி உயரம் எல்லாம் ஒரே அளவா இருக்கணும், அடுத்தடுத்த படிக்கு நடுவுல 5 மில்லிமீட்டர் மாறினாலே கால் தடுக்கும். கால் பாத்து இறங்கல, பழக்கத்துல இறங்குது. இருட்டுல இன்னும் மோசம். 1993ல அதே வேர்ல்ட் ட்ரேட் சென்டர்ல குண்டு வெடிச்சு படியெல்லாம் இருட்டு, புகை, இறங்க மணிக்கணக்காச்சு. அப்புறம்தான் படில இருட்டுல மினுக்கற பெயின்ட், பேட்டரி லைட்டெல்லாம் போட்டாங்க

அம்மா: அண்ணா பழக்கம்னதும் ஞாபகம் வருது, நாம எல்லாம் லிஃப்ட்லயே போறோம், படி எங்க இருக்குன்னே தெரியாது

சுந்தர் மாமா: லதா நீ சொன்னதுதான்மா மொத்தத்துக்கும் சாவி. தீன்னதும் ஜனம் போர்டு பாத்து ஓடாது, வந்த வழிலயேதான் திரும்பி ஓடும். தினம் ஏறி இறங்காத படி அன்னிக்கு மட்டும் எப்பிடி கண்ணுக்குத் தெரியும்? கவி உன் சிவப்புப் படில தப்பு என்னன்னா அது பின்னாடி இருக்கு. முன்னாடி கொண்டு வா, வெளிச்சம் விடு, லிஃப்ட் மாதிரியே கண்ணுல படட்டும், பசங்க புக்க எடுத்துட்டு அதுலயே ஏறி இறங்கட்டும்

கவிதா: மாமா அப்ப தீ தாங்கற கண்ணாடி போட்டு ஹாலப் பாத்த மாதிரி வைக்கட்டுமா? சிவப்பு கலர் இருக்கலாமா?

சுந்தர் மாமா: தாராளமா இருக்கட்டும்

ஜெயா அத்தை: நீங்க பேசறதக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. ஜூனியர் சிஸ்டர வார்டுல இருக்கச் சொல்லிட்டு நம்ம எமர்ஜென்சி படில இறங்கிப் பாத்துட்டு வரேன். பதினாலு வருஷத்துல ஒரு நாள்கூட இறங்கினதில்ல

தினேஷ்: அத்தை லைவ் கமென்ட்ரி குடுங்க. கவி, லைப்ரரில அவ்ளோ எக்ஸிட் வச்சா புக்க தூக்கிட்டுப் போயிருவாங்களே. எப்பிடியும் பூட்டத்தான் போறாங்க

சுந்தர் மாமா: கரெக்டான கேள்வி. டிரையாங்கிள்லயும் இதே காரணம்தானே. கதவுல குறுக்க ஒரு பட்டை, பேனிக் பார், இடுப்பால இடிச்சாக்கூட தொறக்கும். அது வந்த கதை தெரியுமா, 1903 டிசம்பர்ல சிகாகோல இரோக்வா தியேட்டர் தீ, 602 பேர். சில கதவு பூட்டியிருந்துது, சில கதவுல யாருக்கும் தொறக்கத் தெரியாத தாழ்ப்பாள். கார்ல் பிரின்ஸ்லர்னு ஒரு ஹார்ட்வேர் சேல்ஸ்மேன் அந்த ஷோவுக்குப் போக வேண்டியவர் போகல. அதுவே மனச அறுத்து, ஹென்றி டூபான்ட்னு ஒருத்தரோட சேந்து இந்தப் பட்டைய செஞ்சார், 1908ல விக்க ஆரம்பிச்சாங்க. திருட்டுக்கு பயந்தா பட்டைல அலாரம் வை, தள்ளினா கத்தும். 15 செகண்ட் கழிச்சு தொறக்கற மாதிரியும் இருக்கு, ஆனா ஃபயர் அலாரம் அடிச்சா அந்த 15 செகண்டும் கிடையாது, உடனே விடணும்

ஜெயா அத்தை: நாலாவது மாடி. லைட் எரியுது. பரவால்ல

ஜெயா அத்தை: மூணாவது மாடி லேண்டிங்ல ரெண்டு உடைஞ்ச கட்டில், சலைன் ஸ்டாண்டு ஒரு கட்டு. ஒருக்களிச்சுத்தான் போறேன்

சுந்தர் மாமா: போட்டோ எடு

ஜெயா அத்தை: எடுத்தாச்சு. ரெண்டாவது மாடில லைட் இல்ல. ஃபோன் டார்ச் போட்டிருக்கேன்

அம்மா: அண்ணி பாத்து

கவிதா: மாமா என் படி பேஸ்மென்ட் பார்க்கிங் வரைக்கும் போகுது, பரவால்லயா?

சுந்தர் மாமா: தரைத்தளத்துல ஒரு தடுப்பு கேட் போடு. இல்லன்னா ஓடற வேகத்துல வாசலத் தாண்டி நேரா பேஸ்மென்ட்டுக்குப் போயிருவாங்க. புகைல மாடி எண்ண மாட்டாங்க

ஜெயா அத்தை: கீழ வந்துட்டேன். கதவுக்கு மேல பச்சை போர்டு பளிச்சுன்னு எரியுது, ஆள் ஓடற படம்

கவிதா: அத்தை அது யூகியோ ஓட்டான்னு ஒரு ஜப்பான் டிசைனர் வரைஞ்சது, நிறைய நாட்டுல அதான்

ஜெயா அத்தை: அவர் ஓடறார், நான் நிக்கறேன். கதவுல பூட்டு

சுந்தர் மாமா: சாவி?

ஜெயா அத்தை: செக்யூரிட்டிகிட்ட

சுந்தர் மாமா: செக்யூரிட்டி எங்க

ஜெயா அத்தை: கதவுக்கு அந்தப் பக்கம். கண்ணாடி வழியா தெரியறார். தட்டறேன், ஃபோன்ல இயர்ஃபோன் மாட்டிருக்கார்

தாத்தா: டேய் சுந்தரு மருமகள வெளிய கூட்டிட்டு வாடா

ஜெயா அத்தை: தொறந்துட்டார் மாமா. "மேடம் இந்த வழியா யாரும் வரமாட்டாங்களே"ங்கறார். பூட்ட வாங்கி பைல போட்டுக்கிட்டேன், காலைல நானே ஆபீஸ்ல குடுத்துக்கறேன்

சுந்தர் மாமா: அஞ்சு மாடி இறங்க எவ்ளோ நேரம் ஆச்சு?

ஜெயா அத்தை: கட்டில எல்லாம் தாண்டியும் மூணு நிமிஷம். பூட்டுக்கு ஒன்பது நிமிஷம்

கவிதா: அத்தை இத என் ரிப்போர்ட்ல போட்டுக்கட்டுமா

ஜெயா அத்தை: போட்டுக்கோ. ஆஸ்பத்திரி பேர் மட்டும் வேண்டாம்டி